இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதிலிருந்து கேம் நடுவே பிசி படாரென்று அணைந்துவிடுகிறது

நடுராத்திரி_கேமர்:

வணக்கம். ஒரு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். கடைக்காரரிடம் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், அவர் அதைவிடச் சுருக்கமாக "மதர்போர்டு போச்சு சார்" என்று முடித்துவிட்டார்.

பிசி 2017 கடைசியில் கட்டியது. ஐ7 8700கே, இசட்370 மதர்போர்டு, 32 ஜிபி ரேம், ஒரு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 850 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி). எஸ்எம்பிஎஸ் எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், 80 பிளஸ் கோல்டு என்று ஸ்டிக்கர் இருக்கிறது, கேபிள் எல்லாம் கழற்றி மாட்டும் வகை. இத்தனை வருடத்தில் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. போன மாதம் அதே மாடலில் இன்னொரு 1080 டிஐ பழையது மலிவாக வந்தது, வாங்கி எஸ்எல்ஐ (இரண்டு கார்டும் சேர்ந்து ஒரே கேமை ஓட்டும் முறை) பிரிட்ஜ் போட்டு மாட்டிவிட்டேன். இந்தக் காலத்தில் எஸ்எல்ஐ தேவையா என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு இரண்டு கார்டு வாங்கக் காசில்லை, அந்த ஆசை இப்போதுதான் தீர்ந்தது, அவ்வளவுதான்.

பிரச்சினை இதுதான். ஜிடிஏ 5 ஆரம்பித்துப் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ ஓடும், அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம், மொத்தமாக இருட்டு. நீலத் திரை வரவில்லை, கேம் தடுமாறவில்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கிய மாதிரி. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்பு வரி. பக்செக் கோடு (விண்டோஸ் விழுந்த காரணத்தைச் சொல்லும் எண்) 0 என்று காட்டுகிறது. சூடு பார்த்தேன், மேல் கார்டு 83 டிகிரி, கீழ் கார்டு 71, பிராசஸர் 72. மதுரை, ஏசி இல்லாத அறை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை செய்தது: டிரைவரைச் சுத்தமாக எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், விண்டோஸையே புதிதாகப் போட்டேன், ரேமை ஒரு ராத்திரி முழுக்க டெஸ்ட் செய்தேன், பிழையே இல்லை. கடையில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்துக் காட்டினார்கள், ஃபேன் சுற்றியது, "எஸ்எம்பிஎஸ் சூப்பர் சார், போர்டுதான்" என்றார்கள். இசட்370 போர்டு இப்போது புதிதாகக் கிடைக்காது, பழையதுக்கும் யானை விலை சொல்கிறார்கள். அதை வாங்கும் முன்னால் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.


ஃபேன்_சத்தம்:

83 டிகிரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் நண்பா. இரண்டு கார்டு ஒட்டி ஒட்டி இருந்தால் கீழ் கார்டு விடுகிற சூட்டுக் காற்றைத்தான் மேல் கார்டு இழுத்துக் குடிக்கும். அதுவும் மதுரையில். இரண்டு கார்டுக்கும் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை வெளியே கடத்துகிற பசை) மாற்றுங்கள், ஏழெட்டு வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதுவரைக்கும் கேபினட் பக்கத்து மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். எனக்கு இப்படித்தான் சரியானது.


பழைய_பிசி:

ஃபேன்_சத்தம் சொன்னதைச் செய்வதில் நஷ்டமில்லை, பேஸ்ட் மாற்ற வேண்டிய வயதுதான். ஆனால் இது சூட்டினால் என்று எனக்குத் தோன்றவில்லை. 1080 டிஐ 84 டிகிரி பக்கம் வந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிராசஸரும் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். கேம் திக்கும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) இறங்கும், சில சமயம் டிரைவர் விழும். எந்த அறிகுறியும் காட்டாமல் நேரே இருட்டு என்றால் நான் முதலில் பார்ப்பது கரண்ட் வருகிற வழியைத்தான்.

கெர்னல் பவர் 41-ஐப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள், அது நோயின் பெயர் இல்லை. "போன தடவை என்னை ஒழுங்காக ஷட்டவுன் செய்யவில்லை" என்று விண்டோஸ் அடுத்த தடவை எழுந்ததும் எழுதி வைக்கிற புகார், அவ்வளவுதான். பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். பக்செக் கோடு 0 என்பதுதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல துப்பு. விண்டோஸுக்குள் ஏதோ இடிந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு எண் இருக்கும், 0 என்றால் எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தப் பச்சை ஒயர் டெஸ்ட். அது எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஒருவரை உட்கார வைத்து நாடி பார்த்துவிட்டு "இவர் மூட்டை தூக்குவார்" என்று சான்றிதழ் கொடுக்கிற மாதிரி. உங்களுக்குப் பிரச்சினையே மூட்டை தூக்கும்போதுதானே.

மூன்று கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். அணைந்த பிறகு முன்பக்க பட்டனை அழுத்தினால் உடனே எழுகிறதா, இல்லை பின்னால் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் எழுகிறதா? அணையும்போது மானிட்டர் லைட் எரிகிறதா, அதுவும் சேர்ந்து போய்விடுகிறதா? எல்லா கேமிலும் இப்படியா, சிலதில் மட்டுமா? யுபிஎஸ் இருந்தால் அது எத்தனை விஏ என்பதையும் சொல்லுங்கள்.


நடுராத்திரி_கேமர்:

நன்றி பழைய_பிசி. நீங்கள் கேட்டதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன், ஒரே மாதிரி அணைகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் இரண்டு மாதிரி அணைகிறது.

பல தடவை மானிட்டர் லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும், "சிக்னல் இல்லை" என்று வரும், பிசி மட்டும் செத்துப்போகும். அப்போது முன்பக்க பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அசைவே இருக்காது. பின்னால் ஸ்விட்சை அணைத்து ஒரு அரை நிமிடம் விட்டுப் போட்டால் எழும். சில தடவை மட்டும் மானிட்டர், ஸ்பீக்கர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து போய்விடும், யுபிஎஸ் பட்டனை அழுத்தித்தான் திரும்ப வர வைக்க வேண்டும். வீட்டில் கரண்ட் போயிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். காதில் ஹெட்செட் இருப்பதால் யுபிஎஸ் கத்தியதா என்று தெரியாது. அம்மா மட்டும் "அந்தப் பெட்டி ராத்திரியெல்லாம் கீச்கீச் என்கிறதே" என்று இரண்டு தடவை சொன்னார்கள், எலி என்று நினைத்தேன்.

யுபிஎஸ் 1100 விஏ. எல்லாமே அதில்தான் மாட்டியிருக்கிறது.

கேம் விஷயம்: ஜிடிஏ 5, ஷேடோ ஆஃப் தி டோம்ப் ரைடர் இரண்டிலும் அணைகிறது. சைபர்பங்க் 2077 மூன்று மணி நேரம் தொடர்ந்து ஆடினேன், ஒன்றும் ஆகவில்லை. அதுதானே இன்னும் கனமான கேம்? இதுதான் எனக்குப் புரியவே இல்லை.


வயர்மேன்:

தம்பி, அது எலி இல்லை. யுபிஎஸ் "என்னால் முடியவில்லை" என்று கத்தியது.

நான் யுபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கிறவன், கம்ப்யூட்டர் உள்பக்கம் அவ்வளவு தெரியாது, வெளியே இருப்பதைச் சொல்கிறேன். 1100 விஏ என்றால் 1100 வாட்ஸ் என்று முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். பின்னால் ஸ்டிக்கரைப் பாருங்கள், வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 660 வாட்ஸ் என்றுதான் போட்டிருக்கும், 600 விஏ என்றால் 360 வாட்ஸ். உங்கள் கார்டு ஒன்று 250 வாட்ஸ் என்று பையனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கு 500. பிராசஸர் நூறு, நூற்றைம்பது. போர்டு, ரேம், ஃபேன் எல்லாம் ஒரு ஐம்பது. 680 வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்குப் பத்து சதவீதம் தின்னும், அப்போது சுவரிலிருந்து இழுப்பது 750-ஐத் தாண்டுகிறது, மானிட்டர் தனி. 660 வாட்ஸ் பெட்டியின் தலையில் 800 வாட்ஸ். கொஞ்ச நேரம் கத்தும், அப்புறம் கையை விரித்துவிடும். ஒரு கார்டு இருந்த காலத்தில் தாங்கியது, அதனால் யுபிஎஸ் மேல் உங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

பிசியை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி நேராகச் சுவர் பிளக் பாயின்டில் மாட்டுங்கள். ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவில் வேண்டாம், நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கிற பித்தளைத் தகட்டை நீங்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன், கருகிய நிலையில். சின்ன பிளக் பாயின்டே போதும். 750 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தால் மூன்றேகால் ஆம்ப்ஸ்தான் வருகிறது. உங்கள் ஏரியாவில் சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது என்றால் அதே பிசி நாலு ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும், அதுவும் தாங்கும், ஆனால் பிளக் லூசாக ஆடக்கூடாது. ஆடுகிற சாக்கெட் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.


கல்லூரி_ஹாஸ்டல்:

அண்ணா தப்பாக நினைக்காதீர்கள், எஸ்எல்ஐ செத்துப் பல வருடம் ஆகிறது. 2021 ஜனவரியிலிருந்து புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒரு கேமை இரண்டு கார்டிலும் ஓட வைக்கிற செட்டிங்) போடமாட்டோம் என்று என்விடியாவே சொல்லிவிட்டது. அவர்களின் 40 சீரிஸ் கார்டுகளில் பிரிட்ஜ் மாட்ட இடமே கிடையாது. சைபர்பங்க் ஏன் அணையவில்லை என்று கேட்டீர்களே, அதில் உங்கள் இரண்டாவது கார்டு வேலையே செய்யாது, சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கும். ஒரு கார்டை விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள். இல்லாவிட்டால் பேசாமல் 1200 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வாங்கிவிடுங்கள், கதை முடிந்தது.


நடுராத்திரி_கேமர்:

ஆரம்பிக்காதீர்கள் என்றேன், ஆரம்பித்துவிட்டீர்கள் தம்பி. பரவாயில்லை, சைபர்பங்க் மர்மம் தீர்ந்தது.

மூன்று நாள் கழித்து வருகிறேன். வயர்மேன் அண்ணன் சொன்னபடி பிசியை நேராகச் சுவரில் மாட்டினேன். யுபிஎஸ் ஸ்டிக்கரில் நீங்கள் சொன்ன அதே 660 வாட்ஸ்தான் போட்டிருக்கிறது, ஏழு வருடமாக நான் அதைப் படித்ததே இல்லை. எல்லாம் சேர்ந்து அணைகிற கதை அதோடு நின்றது, இந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட இல்லை. ஆனால் முதல் வகை அப்படியே இருக்கிறது. பிசி மட்டும் போகிறது, பின்னால் ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் வருகிறது.

பழைய கார்டை மட்டும் மாட்டி ஒரு நாள், புதிதாக வாங்கியதை மட்டும் மாட்டி ஒரு நாள் ஆடினேன், இரண்டு நாளும் அணையவே இல்லை. ஒருவேளை விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ, மைனிங்கில் ஓடித் தேய்ந்த கார்டோ என்று பயந்துகொண்டிருந்தேன், அது இல்லை போலிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் மட்டும்தான் போகிறது. டேபிள் ஃபேனும் வைத்துப் பார்த்தேன், மேல் கார்டு 76-க்கு இறங்கியது, இருந்தும் அணைந்தது.


பழைய_பிசி:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள், இந்த அளவுக்கு யாரும் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்போது படம் தெளிவாகிறது. தனித்தனியாக ஓடுகிறது, அதனால் இரண்டு கார்டும் நல்லவை. 76 டிகிரியில் அணைகிறது, அதனால் சூடும் இல்லை. ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது என்பது எஸ்எம்பிஎஸ் தன் பாதுகாப்பில் பூட்டிக்கொண்டதற்கான அடையாளம். ஒயரில் அளவுக்கு மேல் கரண்ட் போனாலோ மொத்த லோடு எல்லை தாண்டினாலோ பெரும்பாலான எஸ்எம்பிஎஸ் அப்படித்தான் பூட்டிக்கொள்ளும், சுவர் கரண்டைத் துண்டித்தால்தான் திறக்கும். அதாவது அது கெட்டுப்போய் அணையவில்லை, தன் வேலையைச் செய்கிறது. அந்த "டக்" அநேகமாக உள்ளே ரிலே விடுபடுகிற சத்தம்.

ஆனால் 850 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் 680 வாட்ஸ் லோடுக்கு ஏன் பயப்படுகிறது? இங்கேதான் 1200 வாட்ஸ் வாங்குங்கள் என்று சொல்வதற்கு முன் நிற்கவேண்டும். கார்டு 250 வாட்ஸ் என்பது சராசரி. கேமில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, சில மில்லிசெகண்டுக்கு அது அதைவிட நிறைய இழுத்துவிட்டு இறங்கும். எஸ்எல்ஐயில் இரண்டும் ஒரே காட்சிக்கு வேலை செய்வதால் இரண்டு எழுச்சியும் ஒன்றன்மேல் ஒன்று விழ வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரிலோ மானிட்டரிங் சாஃப்ட்வேரிலோ இது தெரியாது, அவை பார்த்துச் சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் பத்து நிமிடமா இருபது நிமிடமா என்று கணக்கில்லாமல் அணைகிறது.

காசு செலவழிக்காமல் ஒரு டெஸ்ட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற, கார்டைக் கட்டுப்படுத்துகிற சாஃப்ட்வேரைத் திறந்து பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், இரண்டு கார்டுக்கும் சேர்த்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றுக்கு மட்டும் இறக்கிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் உண்டு. கார்டு ஒன்றுக்கு 175 வாட்ஸ் வரும். அதே ஜிடிஏ 5-ஐ இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அணையவில்லை என்றால் திரும்ப 100 வைத்து ஓட்டுங்கள், அணைந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஃபர்மார்க் மாதிரி வறுத்தெடுக்கிற சாஃப்ட்வேர் வேண்டாம், அது ஒரே சீராக இழுக்கும், உங்கள் பிரச்சினை ஏறி இறங்குவதில் இருக்கிறது.

கூடவே இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் பிளஸ் 12 வோல்ட் என்ற கட்டத்தில் ஒரே எண் இருக்கிறதா, 12வி1, 12வி2 என்று பிரித்துப் போட்டிருக்கிறதா? கார்டுக்குப் போகிற கேபிள்கள் எப்படி மாட்டியிருக்கின்றன, ஒரு கேபிளில் இரண்டு தலையா, தனித்தனியா? எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டர் அடிக்கும்.


நடுராத்திரி_கேமர்:

நேற்று ராத்திரி 70 வைத்து இரண்டரை மணி நேரம் ஆடினேன், அசையவில்லை. எஃப்பிஎஸ் பத்துப் பதினைந்து குறைந்ததோ என்னவோ, கண்ணுக்குத் தெரியவில்லை. உடனே 100 வைத்தேன். பதினான்காவது நிமிடம் டக். சிரிப்பே வந்துவிட்டது, அணைந்ததற்குச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஸ்டிக்கரில் நாலாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறது. 12வி1 25 ஆம்ப்ஸ், 12வி2 25, 12வி3 30, 12வி4 30. கார்டு ஒவ்வொன்றிலும் கரண்ட் வருகிற எட்டு பின் சாக்கெட் இரண்டு இருக்கிறது, கார்டுக்கு ஒரு கேபிள், அதன் நுனியில் இரண்டு தலை. எஸ்எம்பிஎஸ் பக்கம் விஜிஏ 1, விஜிஏ 2 என்ற சாக்கெட்டுகளில் மாட்டியிருக்கிறேன். விஜிஏ 3, விஜிஏ 4 இரண்டும் காலி. இரண்டாவது கார்டு வந்தபோது பக்கத்து ஓட்டையில் குத்தினேன், வேறு என்ன யோசிக்க. பரணில் இருந்த பழைய டப்பாவைத் தேடி மேனுவலை எடுத்துப் பார்த்தேன். விஜிஏ 1, 2 இரண்டும் 12வி3-ல் வருகின்றன. 3, 4 இரண்டும் 12வி4.

இன்னொன்று. விஜிஏ 2 கேபிளைக் கழற்றியபோது எஸ்எம்பிஎஸ் பக்கத்துத் தலையில் ஒரு பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பாகியிருக்கிறது. போட்டோ எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. இது பழையதா புதியதா தெரியவில்லை.


பழைய_பிசி:

பிடித்துவிட்டோம். கணக்குப் பாருங்கள். 1080 டிஐ தன் 250 வாட்ஸில் ஒரு பகுதியை மதர்போர்டு சாக்கெட் வழியாக எடுக்கும், மீதி ஏறத்தாழ 200 வாட்ஸ் கேபிளில் வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கார்டுக்கு 400 வாட்ஸ், 12-ஆல் வகுத்தால் 33 ஆம்ப்ஸ். நீங்கள் அந்த 33-ஐயும் 30 ஆம்ப்ஸ் என்று எழுதியிருக்கிற ஒரே வழியில் இழுக்கிறீர்கள். ஸ்டிக்கரில் இருப்பதற்குக் கொஞ்சம் மேலேதான் கட் ஆகும்படி வைத்திருப்பார்கள், அதனால்தான் உடனே விழாமல் சமாளித்தது, பெரிய எழுச்சி ஒன்று வரும்போது எல்லை தாண்டி விழுந்தது. பக்கத்திலேயே 12வி4 முழு 30 ஆம்ப்ஸோடு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. நாலு வழிச் சாலையில் எல்லா லாரியும் ஒரே தடத்தில் போன மாதிரி. 70 சதவீதத்தில் ஏன் விழவில்லை என்பதற்கும் இதுவே பதில், அப்போது 22 ஆம்ப்ஸ் பக்கம்தான் வருகிறது.

கல்லூரி தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இதே மாதிரி பிரித்த 1200 வாட்ஸ் வாங்கி இதே மாதிரி பக்கத்து ஓட்டையில் குத்தியிருந்தால் அதுவும் அணைந்திருக்கலாம். 80 பிளஸ் கோல்டு என்பதும் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரைதான், இந்த விஷயத்தில் அது ஒன்றும் சொல்லாது.

அந்தப் பழுப்புத் தலை சின்ன விஷயம் இல்லை. எட்டு பின் ஒன்றுக்கு 150 வாட்ஸ் என்பது வரையறை. ஒரு கேபிளில் இரண்டு தலை என்றால் 300 வாட்ஸ் வரை எஸ்எம்பிஎஸ் பக்கத்து ஒரே தலை வழியாக வரலாம், அதாவது 25 ஆம்ப்ஸ். 12 வோல்ட்டுக்கு மூன்று ஒயர்தான் என்றால் ஒயருக்கு எட்டு ஆம்ப்ஸுக்கு மேல், அந்தப் பின்களுக்கு அது கிட்டத்தட்ட விளிம்பு. கொஞ்சம் லூசாக மாட்டியிருந்தால் அங்கே சூடேறும். அந்தக் கேபிளை இனி பயன்படுத்தாதீர்கள். விஜிஏ 2 சாக்கெட்டுக்குள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், கறுத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

டப்பாவில் மிச்சக் கேபிள் இருக்கிறதா? கார்டுக்கு இரண்டு தனிக் கேபிள், முதல் கார்டு முழுக்க 12வி3, இரண்டாவது முழுக்க 12வி4, இப்படி வந்தால் வழிக்கு 17 ஆம்ப்ஸ் சுகமாக ஓடும். ஒன்று மட்டும் கவனம், வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ் கேபிளோ நண்பரிடம் இருக்கிற கேபிளோ பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். தலை பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும், கார்டு இரண்டும் புகைந்துவிடும். அதே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறுவதுண்டு.


வயர்மேன்:

பழுப்பு ஆனதைப் பற்றி ஒரு வார்த்தை. கனெக்டர் ஒரு தடவை சூடேறினால் அதன் உள்ளே தகடு பிடிமானத்தை இழந்துவிடும், அப்புறம் அதுவே மறுபடி சூடேறக் காரணமாகிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறேன், ஸ்ப்ரே அடிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள் தம்பி. தூக்கிப் போடுங்கள்.


நடுராத்திரி_கேமர்:

தாமதமாக எழுதுகிறேன், பத்து நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

டப்பாவில் இன்னும் இரண்டு கேபிள் இருந்தது. ஆக நல்ல கேபிள் மூன்று. விஜிஏ 2 சாக்கெட் உள்ளே சுத்தமாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் காலியாக விட்டுவிட்டேன். கீழ் கார்டுக்கு விஜிஏ 3, விஜிஏ 4-லிருந்து தனித்தனிக் கேபிள். மேல் கார்டு மட்டும் விஜிஏ 1-லிருந்து இரட்டைத் தலைக் கேபிளிலேயே இருக்கிறது, அதனால் அதற்கு மட்டும் பவர் லிமிட்டை 80-ல் வைத்திருக்கிறேன். எஃப்பிஎஸ்ஸையும் 75-ல் கட்டி வைத்தேன், என் மானிட்டருக்கு அதற்கு மேல் காட்டவும் தெரியாது. லோடிங் திரையில் கார்டு வீல் என்று கத்துவது நின்றது. ஃபேன்_சத்தம் சொன்னபடி பேஸ்ட்டும் மாற்றினேன், மேல் கார்டு 74. நீங்கள் சொன்னது வீண்போகவில்லை.

பத்து நாள். ஒரு தடவைகூட அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் தொடர்ந்து ஜிடிஏ 5.

ஒரே ஒரு கேள்வி மிச்சம், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித்தான் ஆகவேண்டுமா?


பழைய_பிசி:

இன்றைக்கே ஓடவேண்டாம், ஆனால் மாற்றுங்கள். ஏழு வருடத்துக்கு மேல் ஓடியது, அடிக்கடி டிரிப் ஆனது, ஒரு தலை சூடேறியிருக்கிறது. முதலில் வாரன்டி அட்டையைப் பாருங்கள், நல்ல மாடல்களுக்குப் பத்து வருடம்கூடக் கொடுக்கிறார்கள். இருந்தால் பழுப்புத் தலைப் போட்டோவோடு எழுதுங்கள், கேபிளாவது கிடைக்கும். வாங்குவதென்றால் 12 வோல்ட் பிரிக்காமல் ஒரே வழியாக வருகிற 1000 வாட்ஸ் போதும், கார்டுக்கு இரண்டு தனிக் கேபிளாக மாட்டுங்கள். பழைய கேபிளைப் புதியதில் மாட்டிவிடாதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபம் வேண்டாம், ஒரு நண்பர் இப்படி ஒரு ஹார்டு டிஸ்க்கை எரித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.


நடுராத்திரி_கேமர்:

வாரன்டி பத்து வருடமாம், பில் கிடைத்துவிட்டது, இன்று எழுதிப் போட்டேன். யுபிஎஸ்ஸில் இப்போது ரவுட்டரும் மானிட்டரும் மட்டும். கடைக்காரர் போன் செய்து "போர்டு ஒன்று வந்திருக்கிறது, எடுத்து வைக்கட்டுமா" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்புறம் எப்படி சார் ஓடுது?" என்றார். பக்கத்து ஓட்டையில் குத்தியிருந்தேன் என்றேன், அவருக்குப் புரியவில்லை. அம்மாவிடம் எலி போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.